பாதி கோரை, பாதி சுருட்டை: 25 மாதக் கணக்கு

என் தலையில் கடைசியாக ஸ்ட்ரெய்ட்டனிங் கிரீம் பட்டது 2022 ஜனவரியில், பொங்கலுக்கு நாலு நாள் முன்பு. அந்த நேர்முடியை மொத்தமாக வெட்டி முடித்தது 2024 பிப்ரவரியில், ஒரே ஒரு கற்றையைத் தவிர. அந்தக் கற்றையின் கதை கடைசியில் வரும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவள் நான். அளவு டேப்பும் நோட்டும் எப்போதும் கையில் இருக்கும் என்பதால் இந்த 25 மாதத்தையும் குறித்து வைத்திருக்கிறேன். சுருட்டையை நேராக்கிவிட்டு, இப்போது திரும்பி வர வழி தெரியாமல் நிற்கிறவர்களுக்கு இது உதவலாம்.

எனக்குப் பிறவிச் சுருட்டை. பள்ளிக்கூடத்தில் எண்ணெய் வழிய இறுக்கி இரட்டை ஜடை போட்டதால் அது வெளியே தெரியவில்லை. காலேஜில் அவிழ்த்துவிட்டதும் பரட்டை என்று பேர் வந்தது. அக்கா கல்யாணத்துக்காக 2018-இல் முதல் தடவை பார்லருக்குப் போனேன். 6,500 ரூபாய், ஐந்து மணி நேரம், கண் எரிச்சல். வெளியே வந்தபோது முடி கோரைப்புல் மாதிரி தொங்கியது. மூன்று நாள் நனைக்கக் கூடாது, காதுக்குப் பின்னால் ஒதுக்கக் கூடாது, ரப்பர் பேண்டு போடக் கூடாது. பிடிக்கவில்லை என்றால் ஆறே மாதத்தில் தானாகப் பழையபடி ஆகிவிடும் என்றார்கள்.

ஆகாது. இதை நான் நாலு தடவை செலவழித்துத்தான் தெரிந்துகொண்டேன். முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கின்றன. முதல் கிரீமில் இருக்கும் தையோகிளைகோலேட் அந்தக் கட்டுகளை அறுக்கும். அப்புறம் அலசி, இஸ்திரி போட்டு நேராக்கி, இரண்டாவது கிரீமைத் தடவுவார்கள். அதில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு கட்டுகளை நேரான நிலையிலேயே மறுபடி போட்டுவிடும். நாங்கள் துணி ப்ளீச் செய்யப் பயன்படுத்தும் அதே பெராக்சைடுதான். ஒருமுறை இப்படிக் கட்டிய முடி, வெட்டுகிற வரைக்கும் அப்படியேதான் இருக்கும். சில மாதத்தில் கழுவிக் கழுவிப் போவது கெரட்டின் ட்ரீட்மென்ட் என்று விற்கப்படும் மேல்பூச்சு. அது வேறு, இது வேறு. ஆனால் வேர்க்குழியின் வடிவத்தை எந்தக் கிரீமும் மாற்றாது. அதனால்தான் அடியிலிருந்து வரும் புதுமுடி சுருட்டையாகவே வரும். அது வளர வளர, எட்டு மாதத்துக்கு ஒருமுறை பார்லருக்கு ஓட வேண்டும்.

நிறுத்தியது பெரிய முடிவெல்லாம் இல்லை. 2022 ஜூலையில் ஒருநாள் செக்கிங் டேபிளில் வெள்ளை போலோ டீஷர்ட்டின் காலரில் ஒரு முடி ஒட்டியிருந்தது. பீஸில் முடி இருந்தால் எங்களுக்கு அது குறைதான், உடனே எடுக்க வேண்டும். எடுத்துப் பார்த்தால் என்னுடையது. டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். ஒரு முனை ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருந்தது, மறு முனை நூல் மாதிரி தொங்கியது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் மயிரிழை இன்னும் மெலிந்து, லேசாக மடங்கியிருந்தது. இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தேன். சரியாக அந்த இடத்தில் அறுந்தது. இன்னும் நாலைந்து முடியைப் பிடுங்கி இழுத்துப் பார்த்தேன் (பக்கத்து டேபிள் அக்கா என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள்). எல்லாம் அதே இடத்தில்தான் அறுந்தன.

லைக்ரா கலந்த ரிப் என்ற இழுபடும் துணியையும் சாதா காட்டனையும் சேர்த்துத் தைத்தால், துவைத்ததும் ஒன்று சுருங்கும், ஒன்று அப்படியே நிற்கும். இழுப்பு முழுக்க ஜாயின்ட்டில் விழும். என் தலையில் ஒவ்வொரு முடியிலும் அப்படி ஒரு ஜாயின்ட் இருந்தது. அன்றைக்கு அளந்தபோது புதுமுடி, இழுத்துப் பிடித்த நிலையில், 7 செ.மீ.

அமுச்சி (அம்மாவின் அம்மா) என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஏன் அம்மிணி, பாதித் தலைக்கு இஸ்திரி போட்டுட்டு மீதிய மறந்துட்டியா?” என்றார். அம்மாவுக்குத் தெரிந்தது ஒரே வழி: “பேசாமப் பழனிக்குப் போயி மொட்டை போட்டுட்டு வந்துரு கண்ணு.” யோசித்தால் அதுதான் சரியான தீர்வு. அமெரிக்காவில் ரிலாக்ஸர் என்ற முடி நேராக்கும் கிரீம் போடுவதை நிறுத்தும் கறுப்பினப் பெண்கள் நேர்முடியை ஒரே நாளில் ஒட்ட வெட்டிவிடுவார்கள். பிக் சாப் என்று அதற்குப் பேர். இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அவர்களுடைய வீடியோக்களில் கற்றதுதான். அவர்கள் போட்ட ரிலாக்ஸர் காரம் சார்ந்தது, நம் பார்லர் கிரீம் வேறு ரசாயனம். ஆனால் ஜாயின்ட்டின் பாடு இரண்டுக்கும் ஒன்றே.

எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. வீட்டில் எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மொட்டைத் தலையோடு போட்டோ எடுத்து அனுப்ப முடியாது. (அந்தப் பேச்சு நடக்கவில்லை, அது தனிக் கதை.) அதனால் வளர விட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நுனியில் நாலு ஐந்து செ.மீ. வெட்டுவது என்று மெதுவான வழியை எடுத்தேன். முடி மாதத்துக்குச் சுமார் 1.2 செ.மீ. வளரும். எந்த எண்ணெயும் அதை இரண்டு செ.மீ. ஆக்காது. நம் கையில் இருப்பது வளர்ந்ததை உடையாமல் காப்பது மட்டும்தான்.

முதல் வேலையாக, சீவும்போது வருகிற முடியைக் குப்பையில் போடாமல் ஒரு கறுப்புத் துணியில் பரப்பி எண்ணினேன். ஒரு முனையில் வெள்ளையாகச் சிறு குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு வரை உதிர்வது எல்லோருக்கும் உள்ளது. குமிழ் இல்லாமல் இருந்தால் அது நடுவில் உடைந்தது. அன்றைக்கு வந்த 64-இல் குமிழ் உள்ளவை 22, உடைந்தவை 42. முடி கொட்டுகிறது என்று நான் ஒரு வருடமாக வாங்கிக் குடித்த டானிக் எல்லாம் வீண். கொட்டவில்லை, ஒடிந்துகொண்டிருந்தது.

குற்றவாளி சீப்புதான். காய்ந்த தலையில், உச்சியில் வைத்து ஒரே இழுப்பாக நுனிவரை சீவும் பழக்கம். கோரைமுடிக்கு அது சரி. இப்போது கண்டிஷனர் தடவிய ஈரத்தலையில் மட்டும், முதலில் விரலால், பிறகு அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுக்கிறேன். சீப்பு நடக்கும் இடத்துக்கு மேலே, ஜாயின்ட்டை மற்றொரு கையால் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இழுப்பு கையோடு நின்றுவிடும், ஜாயின்ட்டுக்குப் போகாது. இந்த ஒன்றுதான் மொத்த வித்தை. அமுச்சியின் பெட்டியில் ஒரு பழைய சிணுக்கோலி கிடந்தது. முடிச்சு விழுந்த இடத்தில் அதன் கூர்முனையை விட்டு இழை இழையாகப் பிரித்தால், எந்தச் சீப்பும் பக்கத்தில் வர முடியாது. மூன்று மாதம் கழித்து எண்ணியபோது மொத்தம் 51, உடைந்தவை 13.

அடுத்தது தண்ணீர். எங்கள் வீட்டில் இரண்டு குழாய். ஒன்றில் போர்த் தண்ணி, மற்றொன்றில் சில நாளைக்கு ஒருமுறை வரும் ஆத்துத் தண்ணி. குடிக்கவும் சமைக்கவும் ஆத்துத் தண்ணி, மற்றதெல்லாம் போர். நானும் போரில்தான் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். டையிங் லேபில் இருந்த டிடிஎஸ் மீட்டரை இரவல் வாங்கி அளந்தேன். போர் 1,840, ஆறு 130. டையிங் மாஸ்டர் அண்ணனிடம் காட்டினேன். “ஏம்மா, இந்தத் தண்ணியில நான் துணியக்கூட டை பண்ண மாட்டேன், நீ தலைய அலசறியா?” என்றார்.

டிடிஎஸ் என்பது கரைந்திருக்கும் எல்லா உப்பின் கணக்கு. தலைமுடிக்கு வம்பு செய்வது அதில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும். அதைப் பார்க்க மீட்டர் வேண்டாம். இரண்டு பாட்டிலில் இரண்டு தண்ணீரையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் துளி சோப்பைச் சுரண்டிப் போட்டுக் குலுக்கினால் போதும். ஆத்துத் தண்ணி பாட்டில் பொங்கி நுரைத்தது. போர் பாட்டிலில் பால் திரிந்த மாதிரி வெள்ளைத் திப்பி மிதந்தது. அந்தத் திப்பியை உண்டாக்கும் கால்சியமும் மெக்னீசியமும்தான் இத்தனை வருடமாக முடியில் படிந்து, முடியைச் சொரசொரவென்று ஆக்கியிருக்கிறது. டையிங்கில் இதற்காகவே சீக்வெஸ்டரிங் ஏஜென்ட் என்று ஒன்று போடுவார்கள். அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு துணியில் ஒட்ட விடாது. ஷாம்பு பாட்டிலின் பின்னால் இடிடிஏ என்று எழுதியிருப்பதும் அதே வேலைக்காரன்தான். மாதம் ஒருமுறை இடிடிஏ அதிகமுள்ள ஷாம்பு, வாரம் ஒருமுறை சல்பேட் இல்லாத சாதா ஷாம்பு, கடைசி அலசல் மட்டும் ஒரு பக்கெட் ஆத்துத் தண்ணியில் என்று மாற்றினேன். அந்த ஒரு பக்கெட்டுக்கு அம்மாவோடு நடந்த சண்டையை நோட்டில் எழுதவில்லை.

அமுச்சியின் வழி அரப்பு. எண்ணெய் தேய்த்து, வடிகஞ்சியில் அரப்புத் தூளைக் குழைத்துத் தேய்த்தால் எண்ணெய் சுத்தமாகப் போய்விடும், முடியும் உலர்ந்து விறைக்காது. எனக்கு நன்றாகவே ஒத்துவந்தது. ஆனால் கோரைமுடியில் அலசியதும் போகும் தூள் சுருட்டைக்குள் புகுந்தால் போகாது. மறுநாள் கம்பெனியில் குனிந்து பார்க்கும்போதெல்லாம் வெள்ளைத் துணியில் பச்சைத் தூள் கொட்டியது. சூப்பர்வைசர் ஏசி டக்டைச் சந்தேகப்பட்டார். அப்புறம் தூளைக் கஞ்சியில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, அந்தத் தெளிவை மட்டும் ஊற்றிக்கொள்கிறேன். எண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெய்தான். அது முடிக்குள்ளேயே ஊறி, அலசும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது. மற்ற எண்ணெய்களில் பல மேலேயே நிற்கும். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, வேரில் வேண்டாம், ஜாயின்ட்டிலிருந்து நுனிவரை. முட்டை, தயிர், வாழைப்பழம் எல்லாம் போட்டுப் பார்த்தேன். வாழைப்பழம் மூன்று நாள் தலையிலிருந்து வந்துகொண்டே இருந்தது. வேறு பலன் ஒன்றும் காணோம்.

டிசம்பரில் புதுமுடி 13 செ.மீ. இதுதான் பார்க்கச் சகிக்காத காலம். காதுவரை குடை மாதிரி விரிந்து நிற்கும், அதற்குக் கீழே எலிவால் மாதிரி தொங்கும். நேர்ப்பகுதியைச் சுருட்டையோடு ஒப்பேற்றினால்தான் வெளியே போக முடியும். ராத்திரி முடி முக்கால்வாசி காய்ந்ததும் நாலு ஜடையாகப் பின்னி, நுனியைக் கட்டிங் வேஸ்ட் பனியன் துணித் துண்டில் சுற்றி முடிந்துவிடுவேன். காலையில் அவிழ்த்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே அலையாக இருக்கும். மத்தியானம் வியர்த்ததும் நேர்ப்பகுதி மறுபடி தொங்கிவிடும். அதற்குள் அதை உருட்டிக் கொண்டை போட்டுவிடலாம்.

துவட்டுவதற்கும் அதே பனியன் துணிதான். டர்க்கி டவலின் நூல் வளையங்கள் சுருளைப் பிய்த்துப் பஞ்சாக்கும். தலையைக் குனிந்து, விரித்த டீஷர்ட்டில் முடியை மடித்து வைத்து, டீஷர்ட்டின் இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கட்டி இருபது நிமிஷம் விட்டால், ஈரமும் போகும், சுருளும் கலையாது. டீஷர்ட் இல்லாதவர்களுக்கு ஈரிழைத் துண்டு போதும்.

சுருளைப் பிடித்து நிறுத்த ஜெல் வேண்டும். கடையில் விலை அதிகம் என்று ஆளி விதையில் காய்ச்சினேன். இரண்டு டேபிள்ஸ்பூன் விதைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர். கிளறிக்கொண்டே கொதிக்கவிட்டால் ஏழெட்டு நிமிஷத்தில் கரண்டியிலிருந்து முட்டை வெள்ளைக்கரு மாதிரி இழுபடும். அந்த நொடியில் இறக்கி, சூட்டோடு சூடாக நெட் துணியில் வடிகட்டிவிட வேண்டும். முதல் தடவை ஆறட்டும் என்று விட்டேன். விதையும் ஜெல்லும் ஒன்றாகி, பிழியப் பிழியத் துணிதான் கிழிந்தது. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். பத்தாவது நாள் புளித்த வாடை.

இரண்டாவது தடவை காய்ச்சிய ஜெல் காணாமல் போனது. அம்மா கஞ்சி என்று நினைத்துத் தன் காட்டன் சேலைக்குப் போட்டுவிட்டார். சேலை நன்றாகவே விறைத்து நின்றது. அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஜெல் காய்ந்ததும் முடி மொடமொடவென்று ஆவதைப் பார்த்து நான் குறைவாகத் தடவிக்கொண்டிருந்தேன். கஞ்சி போட்ட சேலையை உதறிக் கசக்கினால் தழைவதுபோல, முழுக்கக் காய்ந்த பிறகு உள்ளங்கையில் முடியை வைத்துக் கசக்கினால் அந்த மொடமொடப்பு உடைந்து, மெத்தென்ற சுருள் நிற்கும். காயும் முன் கை வைத்தால் பரட்டைதான். சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போதே, தாராளமாகத் தடவ வேண்டும்.

நடுவில் ஒரு சபலம் வந்தது. வேரில் மட்டும் அந்தக் கெரட்டின் ட்ரீட்மென்ட் போட்டால் இரண்டும் ஒத்துப்போகுமே என்று. அந்தப் பூச்சுகளில் பலவற்றில் ஃபார்மால்டிஹைடோ, சூட்டில் அதை வெளிவிடும் பொருளோ இருக்கும். ஃபார்மால்டிஹைடு எனக்குத் தெரிந்த பெயர். துணியில் கெடுதலான ரசாயனம் இருக்கிறதா என்று பார்த்துத் தரும் ஓகோ-டெக்ஸ் சான்றுக்குக் கைக்குழந்தை உடுப்பில் 16 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 16 பங்கு) மேல் இருக்கக் கூடாது, பெரியவர்களின் தோலில் படும் உடுப்பில் 75-க்கு மேல் கூடாது. புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திய பொருள். துணியில் இதைத் தேடித்தேடி ஒதுக்கும் நான் தலையில் வைத்து 200 டிகிரிக்கு மேல் சூடு காட்டி மூச்சில் இழுப்பதா என்று விட்டுவிட்டேன். ஃபார்மால்டிஹைடு இல்லை என்று சொல்லி கிளையாக்ஸிலிக் அமிலம் போட்டு விற்பவற்றுக்கும், போட்டுக்கொண்டவர்களின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதற்கும் தொடர்பு இருப்பதாக 2024-இல் மருத்துவ இதழில் வந்தது. விட்டது நல்லதாகப் போயிற்று.

ஆனால் 2023 மே மாதம் வேறு தப்பு செய்தேன். சித்தி பெண் நிச்சயதார்த்தம். காலையில் நேரமில்லை. முன்பக்கம் வலது புறம் மட்டும் குடை மாதிரி நின்றது. பழைய ஸ்ட்ரெய்ட்னரை 210-இல் வைத்து ஒரு கற்றையை நாலைந்து தடவை இழுத்தேன். சாதாரணச் சூடு தற்காலிகம்தான், தண்ணீர் பட்டதும் சுருள் திரும்பிவிடும். இது திரும்பவில்லை. இரண்டு வாரம், மூன்று அலசல், கண்டிஷனர் எல்லாம் பார்த்தேன். அந்தக் கற்றை மட்டும் ஈரத்திலும் தொங்கியது. 16 மாதம் வளர்த்த 19 செ.மீ. ஒரே காலையில் வெந்துபோனது. அன்று இரவே மெஷினைப் பரண்மேல் போட்டேன்.

2023 ஜூலையில் 21 செ.மீ. நடுவில் ஒருமுறை பார்லரில் நுனி வெட்டக் கொடுத்து, அவர்கள் ஈரத்தில் நேராக இழுத்து வெட்டி, காய்ந்ததும் ஒரு பக்கம் மேலே ஏறி நின்றது. பிறகு நானே வெட்டிக்கொண்டேன். சுருட்டைக்கு ஷ்ரிங்கேஜ், அதாவது சுருக்கம், அதிகம். என் தலையில் இழுத்தால் 21 இருப்பது விட்டால் 13-தான். துவைத்துப் பார்க்காமல் அளவு போடும் கட்டிங் மாஸ்டரை யாராவது வேலைக்கு வைப்பார்களா?

2024 பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை. புதுமுடி 30 செ.மீ. கண்ணாடிக்கு முன்னால் பழைய பெட்ஷீட் விரித்து உட்கார்ந்தேன். இதற்கு மட்டும் ஈரமாகத்தான் வெட்ட வேண்டும், ஏனென்றால் ஈரத்தில்தான் கோடு தெரியும். தண்ணீர் தெளித்ததும் சுருட்டை எம்பிச் சுருளும், நேர்முடி நூலாகத் தொங்கும். விரல் தடிமன் கற்றையாகப் பிரித்து, ஜாயின்ட்டுக்கு அரை செ.மீ. மேலே, ஒவ்வொன்றாக. கத்திரி புதிது. துணிக் கத்திரியை முடியில் வைத்தால் டெய்லர் அண்ணன் கொன்றுவிடுவார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பின்னந்தலைக்கு அம்மா வந்தார். முதல் கற்றையை வெட்டும்போது அவர் கை நடுங்கியது. பத்தாவது கற்றைக்கு வந்தபோது, “இங்க ஒண்ணு நேரா நிக்குது பாரு” என்று அவரே தேட ஆரம்பித்துவிட்டார். காய்ந்த பிறகு வடிவத்துக்காக அங்கங்கே ஒரு நறுக்கு. வெட்டிய முடியை மறுநாள் கம்பெனியில் துணி எடை பார்க்கும் ஜிஎஸ்எம் தராசில் வைத்துப் பார்த்தேன். 31 கிராம்.

முன்பக்க வலதுபுறக் கற்றையை மட்டும் விட்டுவிட்டேன். அதில் புதுமுடி 11 செ.மீ. அதை வெட்டினால் நெற்றிக்கு மேல் கொம்பு மாதிரி எம்பி நிற்கும். கிளிப் போட்டுக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியிருக்கிறேன். நோட்டில் அதற்கு மட்டும் தனிப் பக்கம். மாதக் கடைசியில் அளக்கிறேன்.